கழித்த கடலை எங்கே போகிறது?

நிலக்கடலையில் பூஞ்சை நஞ்சு: அரசின் வேலை எது, விவசாயியின் வேலை எது?

திங்கள்கிழமை என்றால் சேவூரில் கடலைக்காய் நாள். அவினாசிக்கு வடக்கே உள்ள இந்த ஊரின் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் திங்கள்தோறும் நிலக்கடலை ஏலம் நடக்கிறது. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து டிவிஎஸ் வண்டியிலும் சரக்கு ஆட்டோவிலும் மூட்டைகள் வந்து இறங்கும். வியாபாரி குவியலுக்குள் கையை விட்டு நாலு காயை எடுத்து உடைப்பார். பருப்பை உள்ளங்கையில் வைத்துத் தோலைத் தேய்த்துப் பார்ப்பார். ஒன்றை வாயில் போட்டுக் கடிப்பார். காய்ச்சல் போதுமா, பருப்புத் திரட்சி எப்படி, சொத்தை எத்தனை என்பதெல்லாம் அந்தக் கடியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். முதல் ரகம், இரண்டாம் ரகம், மூன்றாம் ரகம் என்று விலை பிரியும்.

"ஏனுங்க, பருப்பு கருத்த மாதிரி தெரியுதே?"

"ரெண்டு நாள் மழைல மாட்டிக்கிச்சுங்க. கெட்டதையெல்லாம் பொறுக்கிட்டுத்தானுங்க கொண்டாந்தேன்."

இது போன்ற பேச்சு எந்த ஏலத்திலும் காதில் விழும். கெட்டதைப் பொறுக்கிவிட்டுக் கொண்டுவந்தது நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பொறுக்கிய கடலை எங்கே போயிற்று?

சேவூர்ப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதிய கேள்வியும் இதையே சுற்றி வருகிறது. "ஐப்பசி மழையில் களத்தில் கிடந்த கடலைக்காய் நனைந்து ஒரு மூட்டை அளவுக்குப் பூசணம் பிடித்துவிட்டது. அதை விற்க மனசு வரவில்லை. மாட்டுக்குப் போடலாமா? இல்லை, செக்கில் கொடுத்து வீட்டுக்கு எண்ணெய் ஆட்டிக்கொள்ளலாமா?"

இரண்டுமே கூடாது என்பதுதான் பதில். அதைச் சொல்வது சுலபம். ஆனால் அந்தப் பதிலால் ஒரு குடும்பம் ஒரு மூட்டைக் கடலையை இழக்கிறது. 2025-26ஆம் ஆண்டுக்கு நிலக்கடலைக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.7,263. 40 கிலோ மூட்டை நல்ல காயாக இருந்திருந்தால் ரூ.2,900க்கு மேல் கிடைத்திருக்கும். இந்த நட்டத்தை யார் சுமப்பது? உணவுப் பாதுகாப்பில் அரசின் பங்கு எவ்வளவு, உற்பத்தி செய்பவரின் பங்கு எவ்வளவு என்ற பெரிய கேள்வி, இந்த ஒரு மூட்டைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

பூசணத்தில் இருக்கும் நஞ்சு

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களில் செத்து விழுந்தன. முதலில் காரணம் புரியவில்லை. தேடிப் பார்த்ததில், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு எல்லாப் பண்ணைகளுக்கும் பொதுவாக இருந்தது தெரிந்தது. அதில் வளர்ந்த 'ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ்' என்ற பூஞ்சைதான் நஞ்சைச் சுரந்திருந்தது. பூஞ்சையின் பெயரிலிருந்தே அந்த நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வந்தது.

நம் நாட்டிலும் இது உயிரைக் குடித்திருக்கிறது. 1974இன் பிற்பகுதியில் ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டப் பழங்குடிக் கிராமங்களில் மஞ்சள் காமாலை பரவியது. 397 பேர் பாதிக்கப்பட்டு 106 பேர் இறந்தார்கள். வீட்டு நாய்களும் செத்தன. பருவம் தவறிய மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளமே காரணம் என்பதை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வு காட்டியது. அந்த மக்களுக்கு அதைவிட்டால் சாப்பிட வேறு தானியம் இல்லை. 2004இல் கென்யாவிலும் இதே கதைதான்: மக்காச்சோளம், 317 பேர் பாதிப்பு, 125 சாவு.

இப்படி ஒரேயடியாகக் கொல்வது அபூர்வம். சிறிது சிறிதாக உடலில் சேர்ந்து கல்லீரலைக் கெடுப்பதே இந்த நஞ்சின் வழக்கமான வேலை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் முதல் பட்டியலில் இதை வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, மணம் கிடையாது. வறுத்தாலும் அவித்தாலும் முழுதாகப் போகாது. பூசணத்தைத் துடைத்துவிட்டாலும் பருப்புக்குள் இறங்கிய நஞ்சு அங்கேயே இருக்கும்.

வயலிலேயே தொடங்குகிறது

பூசணம் என்றால் கிடங்கில் வருவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கடலைக்கு அது பாதி உண்மை. இந்தப் பூஞ்சை மண்ணிலேயே இருக்கிறது. கடலைக்காய் விளைவதும் மண்ணுக்குள்தான். காய் முற்றும் கடைசி மூன்று முதல் ஆறு வாரங்களில் மண் காய்ந்து சூடேறினால் செடியின் எதிர்ப்புச் சக்தி குறைகிறது, பூஞ்சை பருப்புக்குள் நுழைகிறது. கரையான், வெள்ளைப்புழு கடித்த ஓட்டைகளும், களை எடுக்கும்போது கொத்து பட்ட காயங்களும் அதற்கு வாசல் திறந்துவிடுகின்றன.

அடுத்த கட்டம் அறுவடை. ஆடியில் விதைத்த மானாவாரிக் கடலை வடகிழக்குப் பருவமழை நேரத்தில்தான் பிடுங்கும் பக்குவத்துக்கு வருகிறது. மேலும், திருப்பூர் வட்டாரத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. காலையில் பனியன் கம்பெனி வேன் ஊருக்குள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. கடலை பிடுங்கவும் காய் ஆயவும் ஆள் கிடைப்பது கம்பெனி விடுமுறை நாளில்தான். 105 நாளில் பிடுங்க வேண்டிய செடி ஆளுக்காகக் காத்து 115 நாள் மண்ணில் நிற்கிறது. பிடுங்கிய செடி காய் ஆயாமல் இரண்டு மூன்று நாள் குவியலாகக் கிடக்கிறது. குவியலின் உள்ளே சூடும் ஈரமும் சேர்கின்றன. பூஞ்சைக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

இது விவசாயியின் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. கூலி ஆள் கிடைக்காததும் மழை வந்ததும் அவர் கையில் இல்லை. ஆனால் நஞ்சு உருவாகும் இடம் அவருடைய வயலும் களமும்தான் என்பதையும் மறுக்க முடியாது.

மாடு வழியாக வீட்டுக்கே திரும்பும்

பொறுக்கிக் கழித்த கடலை பெரும்பாலும் மூன்று வழிகளில் போகிறது. ஒன்று, குறைந்த விலைக்கு வாங்குபவரிடம் போய் எண்ணெய்க்கு ஆட்டப்படுகிறது. இரண்டாவது, வீட்டுக்கென்று செக்கில் ஆட்டப்படுகிறது. மூன்றாவது, நேரே மாட்டுத் தொட்டிக்குப் போகிறது.

கடலையை ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்குகிறது. ஆக, முதல் இரண்டு வழிகளும் சுற்றிக்கொண்டு மூன்றாவது வழிக்கே வந்து சேர்கின்றன. பூசணம் பிடித்த கடலைக்கொடிப் போரும் இதில் சேர்த்திதான்.

பசு தின்ற அஃப்ளாடாக்சினில் ஒரு சிறு பங்கு, பெரும்பாலும் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு, கறவை அதிகமுள்ள மாட்டில் ஆறு பங்கு வரைகூட, 'எம்1' என்ற வடிவில் பாலில் இறங்குகிறது. தீவனம் தின்ற ஒரே நாளில் பாலில் தெரிய ஆரம்பிக்கும். கெட்ட தீவனத்தை நிறுத்திய மூன்று நான்கு நாளில் பால் தெளிந்துவிடும். பாலைக் காய்ச்சுவதால் இந்த நஞ்சு போவதில்லை.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. தண்ணீர், யூரியா கலப்படம்தான் பெரிய பிரச்சினையாக இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். முடிவு வேறு மாதிரி வந்தது. 368 மாதிரிகளில் அஃப்ளாடாக்சின் எம்1 வரம்புக்கு மேல் இருந்தது. மாநில வாரியாக அதிக எண்ணிக்கை தமிழ்நாட்டில்: 551 மாதிரிகளில் 88. நூற்றுக்கு 16. இது பால்காரர் கலந்தது அல்ல, தீவனத்திலிருந்து வந்தது.

சேவூர்ப் பக்கத்தில் கடலை போடும் பல வீடுகளில் ஒன்றிரண்டு கறவை மாடுகள் உண்டு. முதல் சொம்புப் பால் வீட்டுக் குழந்தைக்கு, மிச்சம் சொசைட்டிக்கு. சந்தையில் விற்க மனசு வராத கடலை, இப்படி வீட்டுப் பிள்ளையின் டம்ளருக்கே வந்து சேர வழியிருக்கிறது.

சட்டம் எங்கே தொடங்குகிறது?

1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக 2006இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் வந்தது. 2011 ஆகஸ்ட் 5 முதல் அது முழு அளவில் நடைமுறையில் இருக்கிறது. மேல்பதனம் செய்யப்போகும் நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது; நேரடியாகத் தின்னும் கடலையில் 10, பாலில் எம்1 கிலோவுக்கு 0.5 என்பது வரம்பு. 15 மைக்ரோகிராம் என்றால், ஒரு டன் கடலையில் 15 மில்லிகிராம். அவ்வளவு சின்ன அளவு. சில பத்துக் கெட்ட பருப்புகளே ஒரு பெரிய குவியலை வரம்புக்கு மேலே தள்ளிவிடக்கூடும்.

உற்பத்தியாளர், பொட்டலம் போடுபவர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் இந்தச் சட்டம் தனித்தனியாகப் பொறுப்பு வைக்கிறது. ஆனால் 18ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு ஒரு விலக்கையும் தருகிறது. விவசாயிக்கும், மீனவருக்கும், பண்ணை அளவிலான விளைபொருளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது.

இந்த விலக்கு நியாயமானது. இரண்டு ஏக்கர்க்காரரை மழையில் நனைந்த கடலைக்காக நீதிமன்றத்துக்கு இழுப்பதில் அர்த்தம் இல்லை. ஆனால் நஞ்சு தொடங்குவது வயலில். சட்டம் தொடங்குவது வயலைத் தாண்டிய பிறகு. நடுவில் இருக்கும் அந்த இடைவெளிக்கு யார் பொறுப்பு என்பதுதான் இன்னும் தீராத கேள்வி.

நிர்வாகத்திலும் இதே இடைவெளி உண்டு. வயல் வேளாண்மைத் துறையிடம். ஏலக்கூடம் வேளாண் விற்பனைத் துறையிடம். மாடு கால்நடைப் பராமரிப்புத் துறையிடம். எண்ணெயும் பாலும் கடைக்கு வந்தபின் உணவுப் பாதுகாப்புத் துறையிடம். ஒரே நஞ்சு நான்கு துறைகளைத் தாண்டிப் போகிறது. ஒவ்வொரு துறையும் தன் எல்லைக்குள் வேலையைச் செய்தாலும், கழித்த கடலையை வயலிலிருந்து டம்ளர் வரை பின்தொடர்ந்து பார்ப்பவர் யாரும் இல்லை.

அரசு செய்ய வேண்டியது

விளைபொருள் விற்பனையில் அரசு தலையிட்டுப் பலன் கண்ட ஊர் திருப்பூர். 1933ஆம் ஆண்டின் சென்னை வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டத்தின் கீழ், 1936இல் மாநிலத்தின் முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் பருத்திக்காகத் திருப்பூரில்தான் தொடங்கியது. எடையில் ஏமாற்று, தரகு, மறைமுக விலை ஆகியவற்றிலிருந்து விவசாயியைக் காக்க வந்த ஏற்பாடு அது. சரியான எடையும் பகிரங்க ஏலமும் இன்று இயல்பாகிவிட்டன. அடுத்த படி, சுத்தமான சரக்குக்குச் சரியான விலை.

இன்று ஏலத்தில் கண்ணுக்கும் பல்லுக்கும் தெரிவது மட்டுமே விலையாகிறது. நன்றாகக் காயவைத்து, பொறுக்கிச் சுத்தம் செய்தவருக்கும், பாதிக் காய்ச்சலில் எடை கூடக் கொண்டுவந்தவருக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால், யார் மெனக்கெடுவார்கள்? ஈரப்பதமானியால் ஒவ்வொரு குவியலையும் அளந்து, அந்த எண்ணை ஏலச் சீட்டிலேயே எழுதுவது பெரிய செலவில்லாத முதல் வேலை.

இரண்டாவது, சோதனை. சென்னை, கோவை, மதுரை, சேலம், தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன. ஆனால் நஞ்சு குவியல் முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. சில பருப்புகளில் மட்டும் குவிந்திருக்கும். ஒரு கைப்பிடி எடுத்துச் சோதித்தால் தப்பான பதில் வரும். ஐரோப்பாவில் பெரிய சரக்குக்குப் பல இடங்களிலிருந்து எடுத்துச் சேர்த்த 20 கிலோ மாதிரியைக் கேட்பது அதனால்தான். ஐந்து மூட்டை விற்கும் விவசாயிக்கு இது கட்டுப்படியாகாது. அறுவடைக் காலத்தில் ஊர்வாரியாக மாதிரி எடுத்து, தண்டிப்பதற்காக அல்லாமல் தெரிந்துகொள்வதற்காகச் சோதித்து, முடிவை அந்த ஊர் விவசாயிகளுக்கே சொல்வது அரசால் மட்டுமே முடியும்.

இது நடக்காத காரியம் அல்ல. ஆப்பிரிக்காவில் மலாவி நாடு அஃப்ளாடாக்சினால் ஐரோப்பியக் கடலைச் சந்தையை இழந்தது. பிறகு ஹைதராபாத் அருகே பட்டஞ்சேருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் உருவாக்கிய மலிவான சோதனை முறையை, அங்குள்ள சிறு விவசாயிகள் சங்கம் கையில் எடுத்தது. சோதித்துப் பிரித்து அனுப்பிய கடலையோடு பிரிட்டன் சந்தைக்கு அவர்கள் மீண்டும் போனார்கள். நம் நாட்டிலேயே பிறந்த முறை அது.

மூன்றாவது, கழித்த கடலைக்கு ஒரு வழி. உணவுக்கோ தீவனத்துக்கோ போகாமல் அதை வாங்கி அழிக்கவோ, வேறு தொழிலுக்கு அனுப்பவோ ஓர் ஏற்பாடு தேவை. சிறு தொகையாவது கையில் கிடைத்தால்தான் அது மாட்டுத் தொட்டிக்குப் போகாது. 1974இல் பன்ஸ்வாராவில் பூசணச் சோளத்தைச் சாப்பிட்டவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. வழியைக் காட்டாமல் 'செய்யாதே' என்று மட்டும் சொல்வது பொறுப்பைக் கைகழுவுவதாகும்.

நான்காவது, தீவனம். கலப்புத் தீவனத்தில் அஃப்ளாடாக்சின் பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரம்பு வைத்திருக்கிறது. மூட்டையில் முத்திரையோடு வரும் தீவனத்துக்கு இது சரி. சில்லறையாக எடை போட்டு விற்கும் புண்ணாக்கில் எந்த முத்திரையும் இல்லை. அதுதான் கிராமத்தில் அதிகம் போகிறது.

சாயப்பட்டறை தந்த பாடம்

பொறுப்பைப் பகிர்வது எப்படி என்று திருப்பூர் மாவட்டத்துக்கு வெளியிலிருந்து யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. சாயக்கழிவால் நொய்யல் கெட்டபோது வழக்குப் போட்டவர்கள் பாசன விவசாயிகள். 2011 ஜனவரி 28 அன்று, கழிவுநீரை அறவே வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூட சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்பிறகு பட்டறைக்காரர்கள் கூட்டாகச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சரிசெய்தார்கள். மாநில அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. தனி ஆளாக எந்தப் பட்டறையும் அந்தச் செலவைத் தாங்கியிருக்காது. உத்தரவு இல்லாமல் யாரும் அதைத் தொடங்கியும் இருக்கமாட்டார்கள்.

"என் தொழில் நடந்தால் போதும், கழிவு எங்கே போனால் எனக்கென்ன" என்று பட்டறைக்காரர் சொல்லக்கூடாது என்றுதான் அன்று விவசாயி வாதாடினார். கழித்த கடலை விஷயத்தில் அதே கேள்வி இன்று விவசாயியின் களத்துக்கு வந்திருக்கிறது.

அயல்நாட்டுச் சந்தையும் அதே கேள்வியைக் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் நேரடியாகத் தின்னும் கடலைக்கு வைத்துள்ள வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் மட்டுமே. நம் கடலையைப் பெருமளவில் வாங்கும் இந்தோனேசியா, அஃப்ளாடாக்சினைக் காரணம் காட்டி 2025 செப்டம்பரில் இந்தியக் கடலை இறக்குமதியைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் நட்டம், கடைசியில் ஏலக்கூடத்து விலையில்தான் இறங்கும்.

விவசாயி கையில் இருப்பது

அரசு வரும் வரை காத்திருக்க வேண்டாத வேலைகள் இவை. பெரும்பாலானவற்றுக்குப் பணத்தைவிடக் கவனமே தேவை.

1. விதைக்கும்போது: ஒரு கிலோ விதைப்பருப்புக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைக்க வேண்டும். தொழு உரத்தில் டிரைக்கோடெர்மா கலந்து மண்ணிலும் இடலாம்.

2. மண் அணைக்கும்போது: ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம். இறவைப் பயிருக்கு 40 முதல் 45ஆம் நாளில், மானாவாரிக்கு மழை ஈரத்தைப் பார்த்து 40 முதல் 75ஆம் நாளுக்குள் இட வேண்டும். சுண்ணாம்புச் சத்து கிடைத்த காயின் ஓடு கெட்டிப்படும், பூஞ்சை நுழைவது குறையும்.

3. காய் முற்றும்போது: கிணற்றில் தண்ணீர் இருப்பவர்கள் கடைசி மாத வறட்சியில் ஓர் உயிர்த்தண்ணீராவது விட வேண்டும். அத்திக்கடவு – அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17இல் தொடங்கிவைக்கப்பட்டது. அதில் குளம் நிறைந்து கிணறு ஊறும் ஊர்களில் இந்த ஒரு தண்ணீரைத் திட்டமிட்டு வைத்துக்கொள்ளலாம்.

4. பிடுங்கும்போது: நாலைந்து இடங்களில் செடியைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பார்க்க வேண்டும். நூற்றில் 75 முதல் 80 காய்களின் உள்ஓடு கருத்திருந்தால் அதுவே பக்குவம். நாள் தள்ளக்கூடாது. ஆள் பற்றாக்குறைக்கு அக்கம்பக்கத்தார் முறை வைத்து ஒருவருக்கொருவர் உதவுவதும், விதைப்பையே ஒரு வார இடைவெளியில் பிரித்துப் போடுவதும் கைகொடுக்கும்.

5. காயவைக்கும்போது: பிடுங்கிய செடியைக் குவிக்காமல், கொடி கீழே, காய் மேலே இருக்கும்படி பரப்ப வேண்டும். காய் தரையைத் தொடாமல் காற்றும் வெயிலும் படும். ஆய்ந்த காயைத் தார்ப்பாய் மீது மெல்லியதாகப் பரப்பி, ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு வரும் வரை காயவைக்க வேண்டும். குலுக்கினால் பருப்பு ஓட்டுக்குள் கலகலவென்று சத்தம் போட வேண்டும்.

6. பொறுக்கும்போது: சொத்தை, சூம்பல், ஓடு உடைந்தது, நிறம் மாறியது எல்லாம் தனியே. செடி பிடுங்கிய பின் மண்ணில் தங்கி, பிறகு கொத்திப் பொறுக்கும் காயை ஒருபோதும் நல்ல காயோடு கலக்கக்கூடாது. நஞ்சு அதில்தான் அதிகம் இருக்க வாய்ப்பு.

7. உடைக்கும்போது: பருப்பு உடையாமல் இருக்கவும் எடை கூடவும் காயின் மேல் தண்ணீர் தெளித்து மிஷினில் விடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதுவரை பட்ட பாடெல்லாம் அந்த ஒரு குடம் தண்ணீரில் வீணாகிவிடும்.

8. வைக்கும்போது: சணல் சாக்கில் பிடித்து, மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து தள்ளி அடுக்க வேண்டும். விலை இல்லாதபோது ஈரத்தோடு அவசரமாக விற்க வேண்டியதில்லை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடக் கிடங்கில் வைத்துச் சரக்கின் மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் பெறலாம்.

இந்த எட்டையும் தனியாகச் செய்வது சிரமம். பத்து இருபது பேர் சேர்ந்தோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் மூலமாகவோ தார்ப்பாய், ஈரப்பதமானி வாங்குவதும், எல்லோர் சரக்கையும் சேர்த்து ஒரே மாதிரியாக ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதும் நடக்கக்கூடியவை. கையில் சோதனை அறிக்கையோடு வரும் சரக்குக்கு விலை பேச வாய் இருக்கும்.

அந்த ஒரு மூட்டை

கேள்வி அனுப்பிய வாசகியின் மூட்டைக்கு வருவோம். அதை மாட்டுக்கோ ஆட்டுக்கோ கோழிக்கோ போட வேண்டாம். கோழிக்குஞ்சும் வாத்தும் இந்த நஞ்சை அறவே தாங்காது. செக்குக்கும் கொடுக்க வேண்டாம். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, வெளிப்பார்வைக்கு நன்றாக உள்ள காயை அன்றே பிரித்துக் காயவைக்கலாம். சந்தேகமானதைச் சேர்க்கக்கூடாது. கெட்டதைக் கடலை போடாத இடத்தில் ஆழக் குழி வெட்டிப் புதைத்துவிட வேண்டும், அல்லது முழுதாக எரித்துவிட வேண்டும்.

அந்தக் குழிக்குள் போவது அந்தக் குடும்பத்தின் உழைப்பு. அந்த நட்டத்தை அவர்கள் ஏற்றுக்கொள்வதால் எங்கோ ஒரு வீட்டுக் குழந்தைக்கு நல்ல பால் கிடைக்கிறது. அடுத்த மழைக்குள் அவர்களுக்கு ஒரு தார்ப்பாயும், பக்கத்தில் ஓர் உலர்களமும், சுத்தமான சரக்குக்குக் கூடுதலாகக் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாயும் கிடைக்கும்படி செய்வது அரசின் வேலை. விவசாயி தன் பாதியைச் செய்தால்தான் மறு பாதியை உரிமையோடு கேட்க முடியும்.

வாசகர் கேள்விகள்

கடலைப் புண்ணாக்கை மாட்டுக்குப் போடுவதையே நிறுத்திவிடலாமா?

தேவையில்லை. நல்ல கடலையில் ஆட்டிய புதுப் புண்ணாக்கு சத்தான தீவனம். மாதக்கணக்கில் வாங்கி அடுக்காமல், பத்துப் பதினைந்து நாளுக்கு மட்டும் வாங்கி ஈரம் படாமல் வைக்கவும். கட்டி பிடித்தது, பச்சை அல்லது கருப்புப் பூசணம் தெரிவது, முடைநாற்றம் வருவது எதையும் கொடுக்க வேண்டாம். கறவை மாட்டுத் தீவனத்தில் நச்சு உறிஞ்சிகள் சேர்ப்பது பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யவும்.

சொந்தக் கடலையை ஆட்டி எண்ணெயாக விற்கிறோம். விவசாயி என்பதால் சட்டத்தில் விலக்கு உண்டா?

கடலையாக விற்கும் வரை விலக்கு உண்டு. எண்ணெயாக ஆட்டிப் பாட்டிலில் விற்கத் தொடங்கினால் நீங்கள் உணவு வணிகர். சிறு தொழில் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். பெரிய அளவு என்றால் உரிமம் வாங்க வேண்டும். செக்கெண்ணெய் சுத்திகரிக்கப்படாதது. பூசணக் கடலை ஒரு படி சேர்ந்தாலும் நஞ்சின் ஒரு பங்கு எண்ணெயிலும் வரும். எனவே ஆட்டுவதற்கு முன் பருப்பைப் பொறுக்குவதுதான் உங்களின் முதல் தர ஆய்வு.

கடையில் வாங்கும் கடலையையோ எண்ணெயையோ நாமே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு வாங்குபவருக்கு அந்த உரிமையைத் தருகிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் சோதனைக்கு அனுப்பப்போவதாகச் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். தரமில்லை என்று அறிக்கை வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

பூசணம் லேசாக இருந்த கடலையை அடுத்த பட்டத்துக்கு விதையாக வைக்கலாமா?

வேண்டாம். முளைப்பு குறையும், வேரழுகலும் கழுத்தழுகலும் வரும், பூஞ்சையை நாமே வயலில் விதைத்தது போலாகும். விதைக்கென்று வைக்கும் காயைத் தனியே, நல்ல வெயிலில் காயவைத்து, ஓட்டோடு பாதுகாத்து, விதைக்கும் முன்பு கையால் உடைத்து எடுப்பதே சரி.